பஸ் டிக்கெட்டுக்கு இடமில்லாத வண்டி

பெருமதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் சின்ன அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம், குறிப்பாக என் கார். உங்கள் நலத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. செய்வதைச் செய்துவிட்டு ரயிலேறியவருக்கு என்ன குறை?

போன மாதம் லீவுக்கு வந்தவர் சாப்பிட்டோமா, தூங்கினோமா என்று இருந்திருக்கலாம். “என்ன அத்தான், இன்னும் பாயின்ட் வெச்சா ஓட்டறீங்க? எலக்ட்ரானிக் போட்டுத் தரேன்” என்று, நான் கையைப் பிடிப்பதற்குள் கார் இஞ்சினின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டீர்கள். ஏன் பதறினேன் என்று இப்போது சொல்கிறேன், உங்களோடு இருக்கட்டும். ஞாயிறுதோறும் நாங்கள் உங்கள் பெரிய அக்கா வீட்டுக்குப் போகவேண்டும். அங்கே என் சகலை தன் மூட்டு ஆபரேஷன் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மூன்று மணி நேரம் விளக்குவார். எனக்கிருந்த ஒரே துணை அந்தப் பாயின்ட்தான். இரண்டு உலோகப் பொட்டுகள் தொட்டுத் தொட்டுப் பிரிந்தால்தானே தீப்பொறி வந்து இஞ்சின் ஓடும்? ஞாயிறு காலை நடுவில் ஒரு பஸ் டிக்கெட்டை மடித்துச் செருகிவிடுவேன். வண்டி கிளம்பாது. “பாயின்ட் போச்சு போல” என்று பெருமூச்சு விடுவேன். உங்கள் அக்காவும் பாவம், “சரி விடுங்க” என்று செருப்பைக் கழற்றிவிடுவாள். இதில் ஆச்சரியம், நான் டிக்கெட் வைக்க மறந்த ஞாயிறுகளிலும் வண்டி கிளம்பாது. நான் திறந்துகூடப் பார்க்கமாட்டேன், மறுநாள் தானாகச் சரியாகிவிடும். மாப்பிள்ளை, சொந்தக்காரன்கூட அப்படி மனசறிந்து நடக்கமாட்டான்!

இப்போது சாவியைத் தொட்டாலே சீறுகிறது. நாலு ஞாயிறு, நாலு எக்ஸ்ரே. போதாக்குறைக்கு நேற்று சகலை, “வண்டிதான் கிண்ணுன்னு இருக்கே, வர்ற திங்கக்கிழமையிலேருந்து ஆறு மாசம், தினம் காலைல ஆறு மணிக்கு என்னை வைத்தியத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க” என்றார். அவர் வீட்டு வாசலிலேயே ஆட்டோ ஸ்டாண்டு! நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் பெரிய அக்கா கண்கலங்கி நன்றியே சொல்லிவிட்டார். ஆறு மாசம்யா! ரிட்டயர் ஆனவன் காலையில நிம்மதியா பேப்பர் படிக்கக்கூடாதா? டிக்கெட்டை எடுத்துக்கொண்டு போய் மூடியைத் திறந்தேன். செருக ஒரு சந்து இல்லை. நீங்கள் மாட்டிய கறுப்புப் பெட்டி என்னைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. எங்கேயோ திணித்தேன்; டிக்கெட்டைத் தூள்தூளாக்கிவிட்டுக் கிளம்பியது.

ஆகவே சனிக்கிழமைக்குள் வந்து அதைப் பிடுங்குங்கள். பழைய பாயின்டைக் கைக்குட்டையில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறேன். “இந்த இஞ்சினுக்கு இது ஒத்துக்கலை” என்று எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை சொன்னால் போதும். உங்கள் அக்காவுக்கு மட்டும் தெரியவேண்டாம். வெள்ளை மனசு, தாங்கமாட்டாள்.

சகல பாக்கியங்களும் பெற்று, கையில் ஸ்பானர் மட்டும் கிடைக்காமல் நீங்கள் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
அத்தான்.

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா எழுதறது. கவரை ஒட்டித் தபால்ல போடச் சொல்லிக் குடுத்தார், பசை தேடின நேரத்துல படிச்சுட்டேன். அவர் மறந்த ஞாயித்துக்கிழமையெல்லாம் டிக்கெட் வெச்சது நான்தான். மறுநாள் எடுத்ததும் நான்தான். அந்த எக்ஸ்ரேயை என்னாலயும் பார்க்க முடியலடா. நீ வரவேண்டாம், புதுசு அப்படியே இருக்கட்டும். மூடிக்குள்ள நடுவுல சுத்தற ரோட்டர் பழசேதான், உருவினா கையோட வருது, அது இல்லாம வண்டி கிளம்பாது. திங்கக்கிழமை விடியறதுக்குள்ள அது என் ஊசிநூல் டப்பாவுல இருக்கும். அவர்கிட்ட சொல்லிடாதே. வண்டிதான் மனசறிஞ்சு நடக்குதுன்னு நினைச்சுட்டு இருக்கட்டும்.