குமிழியும் சாரின் நாற்காலியும்

அன்பும் பயமும் கலந்து சித்திக்கு எழுதிக்கொள்வது. நான் நலம். நீங்களும் சித்தப்பாவும் நலமா? இங்கே நலமில்லாதது ஒரு கண்ணாடிக் குப்பியில் வரும் குமிழி மட்டும்தான். காலையில் தரை துடைக்கும்போது கவனித்தேன்: பெரிய சார் உட்கார்ந்தால் குமிழி நின்றுவிடுகிறது, எழுந்தால் வருகிறது.

நீங்கள் சேர்த்துவிட்ட இந்த ஆய்வுக்கூடத்தில் எண்ணூறு டிகிரியில் ஓர் உலை எரிகிறது. உள்ளே நாணயம் அளவில் ஒரு பீங்கான் வில்லை, அதன்மேல் கறுப்பாக ஒரு பூச்சு. அதுதான் மின்முனையாம். கரியமில வாயுவை உள்ளே விட்டு மின்சாரம் பாய்ச்சினால் அதிலிருந்து கொஞ்சம் ஆக்சிஜனைப் பிரித்துவிடுமாம், மிச்சத்தை எரிபொருளாக்கலாமாம். அந்த மிச்சம்தான் தரையில் கிடக்கும் ரப்பர் குழாய் வழியே வந்து குப்பித் தண்ணீரில் குமிழியிடுகிறது. வழக்கமாக நிக்கல் பூசுவார்கள், அதில் கரி பிடித்துவிடும். என்னோடு அறையில் தங்கியிருக்கும் அக்கா நிக்கலே இல்லாத பூச்சை மாதக்கணக்கில் அரைத்து, பூசி, சுட்டு எடுத்திருக்கிறாள்.

பெரிய சார் நல்ல கனம். உட்கார்ந்தார். "போச்சு! உன் பூச்சு செத்துப்போச்சும்மா!" துள்ளி எழுந்தார். குமிழி வந்தது. "பாத்தியா, நான் முறைச்சா ஒழுங்கா வேலை செய்யுது."

"சார், கொஞ்சம் பொறுங்க சார்..." என்றாள் அக்கா.

"கண்ணாமூச்சி ஆடுற பூச்சை வச்சுக்கிட்டு என்னம்மா பண்றது? சாயங்காலம் அணைச்சிடுவோம். பழைய நிக்கலே போதும்."

சட்டென்று அணைத்தால் வில்லை விரிசல் விட்டுவிடும். அக்கா அழாமல் நின்றாள். சாருடைய நாற்காலிச் சக்கரம் குழாய்மேல் ஏறி அதை நசுக்குவது எனக்குத் தெரிகிறது, சொல்லத்தான் வாய் வரவில்லை. இருமினேன். "தண்ணி குடிம்மா" என்றார். நாற்காலியைச் சுற்றிச் சுற்றித் துடைத்தேன். உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் தூக்கி, "துடைச்சுக்கோ" என்றார். "வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?" என்பீர்கள். இந்த வேலை எனக்கு ஆகாது. நாளைக்கே வந்துவிடுகிறேன். தையல் கடையில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். சித்தப்பாவுக்கு வணக்கம், குட்டிப்பயலுக்கு முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் வாயில்லாப் பூச்சி

பி.கு.: தையல் கடையில் ஒன்றும் சொல்ல வேண்டாம். சாயங்காலம் உலையை அணைக்க சார் எழுந்து போனார். நான் அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். என் எடைக்குக் குமிழி நிற்கவில்லை. தண்ணீர் வாளியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். நின்றது. எழுந்தேன். வந்தது. சுவிட்சில் கை வைத்தபடி சார் என்னையே பார்த்தார், அக்காவும் பார்த்தாள். வாளியோடு மறுபடி உட்கார்ந்தேன்.