பெயில் சாரை ஏன் நிறுத்தினீர்கள்?

வயரிங் பயிற்சி நிலையத்துத் தேர்வுக் கமிட்டிக்காரர்களே, நீங்கள் பயந்தாங்கொள்ளிகள். பல்பு எரிந்தால் பாஸ் என்று தேர்வைச் சுருக்கிவிட்டீர்கள். கேட்டால், தேர்வு எழுத வருகிறவன் மனசு உடையக் கூடாது என்கிறீர்கள். மனசு உடைந்தால் நாலு நாளில் சரியாகிவிடும். கரண்ட் அடித்தால்?

திருநெல்வேலிச் சீமையில் பெயில் சாரிடம் பெயிலாகாத வயர்மேன் எவனும் கிடையாது. செய்முறைத் தேர்வு எடுக்க ஆழ்வார்குறிச்சியிலிருந்து பாளையங்கோட்டைக்கு பஸ்ஸில் வருவார். பஸ்ஸுக்குள் வயர் தொங்கினால் டிரைவரைப் பெயிலாக்கிவிட்டுத்தான் இறங்குவார். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் அதே கதைதான். "இஞ்சித் துவையல் பாஸு. சொதி பெயிலு."

வள்ளியூரில் அவர் மச்சினனுக்குக் கல்யாணம். தாலி கட்டப் போகிற நேரத்தில் மெயினை அணைத்துவிட்டார். பெண்ணின் அப்பா ஓடி வந்தார்.

"என்னவே செய்யுதீரு?"

"மேடையில எர்த்து வயரு இல்ல. பகல்தான, தாலி கட்ட லைட்டு எதுக்கு? பைய கட்டச் சொல்லும்."

அவர் மனைவி ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

நான் பதினைந்து வருஷமாக வயரிங் செய்கிறவன். ஒரு புதுக் கல்யாண மண்டபத்து வேலை வந்தது. சர்டிபிகேட் இருந்தால்தான் தருவோம் என்றார்கள். தேர்வுக்குப் போனேன். பல்பு எரிந்தது, ஃபேன் ஓடியது. பெயில் சார் சுவிட்ச் பெட்டியைத் திறந்தார்.

"உள்ள கை வைக்கட்டாவே?"

"தாராளமா வைங்க சார்."

"பெயிலு. மெயினு ஓடிக்கிட்டு இருக்கு. கை வைக்க வாரவனத் தடுக்காம தாராளமாங்கீரு. நீரு வயர்மேனா, எமனுக்கு ஏஜெண்டா?"

அடுத்த முறை உஷாராக இருந்தேன். "மெயின அணைச்சுட்டு வைங்க சார்" என்றேன். அணைத்தார், எர்த் வயரை இழுத்துப் பார்த்தார். கையோடு வந்துவிட்டது. மறுபடியும் பெயில்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பெயிலான ஆட்களைத் திரட்டி, இந்த ஆள் வேண்டாம் என்று மனு எழுதினேன். கமிட்டி உடனே அவரை நிறுத்தியது. புதிதாக வந்தவர் டீ குடித்து முடிப்பதற்குள் என்னைப் பாஸ் போட்டார்.

மண்டப வேலை கிடைத்தது, முடித்தும்விட்டேன். திறப்பு விழாவுக்கு நாலு நாள் இருந்தது. சர்டிபிகேட்டை எடுத்துப் பார்த்தேன். அதன்மேல் எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஆழ்வார்குறிச்சிக்கு பஸ் ஏறினேன்.

"எம்மேல மனு கொடுத்தவருல்லா நீரு?"

"ஆமா சார்."

"எத்தனாவது கையெழுத்து?"

"மொதக் கையெழுத்து."

மண்டபத்தை ஒருதரம் வந்து பார்க்க வேண்டும் என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். மண்டபம் முழுக்கப் பார்த்தார். சமையல்கட்டில் கிரைண்டர் பக்கத்தில் குனிந்தவர் நிமிரவே இல்லை. எர்த் வயர் சுவருக்குள் போய் எதிலும் சேராமல் நின்றிருந்தது.

"மாவாட்ட வார பொம்பளை ஈரக் கையோட தொடுவா. பெயிலுவே."

மூன்றாவது பெயில். இந்த முறை எனக்குக் கோபமே வரவில்லை. சுவரை உடைத்துப் புது வயர் இழுத்தேன். முடியும்வரை கூடவே நின்று டார்ச் அடித்தார்.

கமிட்டிக்காரர்களே, அவரை எதற்கு நிறுத்தினீர்கள்? அதன்பிறகு நீங்கள் பாஸ் போட்ட எத்தனை பேரின் வேலையைப் போய்ப் பார்த்தீர்கள்? இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள். மனுவில் போட்ட கையெழுத்தை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அவர் திரும்பி வருவதாக இருந்தால், நாலாவது முறையும் பெயிலாக நான் தயார்.