கத்தரிக்கோலுக்குத் தப்பிய கை

லாசால், மொன்றியல்.
1986 ஐப்பசி.

பெருமதிப்புக்குரிய மச்சான் குலேந்திரன் அவர்கள் சமூகத்துக்கு,

தங்கள் தங்கையைக் கைப்பிடித்த தங்கராசா வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம். குளிர் தொடங்கிவிட்டது, அதுவும் நலம். தாங்களும் என் மனைவி மீனாம்பிகையும் மாமாங்கேஸ்வரர் அருளால் சுகமாக இருப்பதைத் தங்கள் கடிதத்தின் முதல் வரியால் அறிந்து மகிழ்ந்தேன். இரண்டாம் வரியிலிருந்து தாங்கள் என்னைத் திட்டத் தொடங்கியதால் மகிழ்ச்சி அதற்குமேல் நீடிக்கவில்லை.

தாங்கள் எழுதியதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். ஜேர்மனியில் ஒரு கோட்டையின் முன்னால் நான் நிற்கும் படம் மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தது. படத்தின் ஒரு ஓரம் கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டு வந்து என் தோளில் கிடந்தது. கையில் வளையல் இருந்தது, கைக்கு உரியவர் படத்தில் இல்லை. ஆகவே நான் ஐரோப்பா முழுவதும் ஒரு பெண்ணோடு கோட்டை கோட்டையாகச் சுற்றித் திரிந்தவன். ஆகவே மீனாம்பிகை கனடாவுக்கு வரமாட்டாள், நான் அனுப்பிய ஸ்பொன்சர் கடதாசியில் கையெழுத்தும் வைக்கமாட்டாள். கடைசியில் 'நிலைமை சொல்லும்படியாக இல்லை' என்று வேறு எழுதி முடித்திருந்தீர்கள். என்னுடைய நடத்தையைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தப் படம் மீனாம்பிகையின் பெயருக்கு அனுப்பப்பட்டது என்பதை நான் பெரிதுபடுத்தப் போவதில்லை. ஆயுள் முழுக்க உப தபால் அதிபராக இருந்தவருக்கு உறையைக் கண்டால் கை சும்மா இருக்காது. பென்சன் எடுத்தாலும் பழக்கம் பென்சன் எடுக்காது. எங்கள் கலியாண வீட்டிலேயே தங்களைக் கவனித்தவன் நான். கைக்கடிகாரத்தை உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்தீர்கள். தன்னுடைய நேரத்தைக்கூடப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கக்கூடாது என்று நினைப்பவர், பக்கத்தில் இருப்பவரின் கடிதத்தை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன்.

இனி அந்தக் கையின் வரலாறு. கைக்கு உரியவரின் பெயர் செலீன். திருகோணமலை. அவருடைய கணவர் எனக்கு முன்பே மொன்றியலுக்கு வந்து, ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தவர். நானும் செலீனும் ஒரே ஏஜென்டிடம் அகப்பட்டவர்கள். அந்த ஏஜென்டின் பெயர் நகுலேஸ்வரன். யாழ்ப்பாணத்தில் ரியூட்டரியில் பூமிசாத்திரம் படிப்பித்தவர் என்று அவரே சொன்னார். ஜேர்மனியில் எங்களை அகதி முகாமில் விட்டிருந்த இடத்திலிருந்து ஒரு ஊர் தாண்டினாலே பொலிஸ் பிடிக்கும். நகுலேஸ்வரனோ எங்களை இரண்டு எல்லை தாண்டி பெல்ஜியத்துக்குக் கொண்டுபோய் விமானம் ஏற்ற வேண்டும். அவர் ஒரு சித்தாந்தம் வைத்திருந்தார்.

"ஸ்ரேசனிலை நிண்டால்தான் ஆபத்து," என்றார். "கோட்டையிலை நிக்கிறவன் எல்லாம் வெளியாள்தான். அங்கை ஒருத்தரும் உங்களை எங்கத்தையாள் எண்டு கேக்கமாட்டினம். கேட்டாலும் சந்தோசத்திலைதான் கேப்பினம்."

ஆகவே ரயிலுக்கும் ரயிலுக்கும் இடையில் உள்ள நேரத்தை எல்லாம் நாங்கள் கோட்டைகளில் கழிக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். தனியாக நிற்கும் ஆண் அகதி, தனியாக நிற்கும் பெண்ணும் அகதி, ஆனால் கழுத்தில் கமெராவோடு சோடியாக நிற்பவர்கள் உல்லாசப் பயணிகள். இதோடும் விடவில்லை. சண்டை பிடிக்காத புருசன் பெண்சாதியை எந்த நாட்டுப் பொலிஸும் நம்பாது என்றும், ஆகவே கையில் ஊர்ப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் போவது என்று நாங்கள் சண்டை பிடிக்க வேண்டும் என்றும் சொல்லி, ஒரு பூங்காவில் வைத்து எங்களுக்கு ஒத்திகை பார்த்தார். செலீன் என்னை அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகியவர். பொது இடத்தில் அந்தச் சொல் வாயில் வந்தால் இரண்டு பேரும் கொழும்புக்குத் திரும்பப் போவீர்கள் என்று நகுலேஸ்வரன் கண்டிப்பாகச் சொன்னதால், அவர் என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமலே பயணம் முழுவதையும் முடித்தார்.

முதல் கோட்டை ஹைடல்பேர்க். மலைமேல் சிவப்புக் கல்லில் கட்டிப் பாதி இடிந்து கிடக்கிறது. இடிந்ததைத் திருத்தாமல் அப்படியே வைத்துக் காசு வாங்குகிறார்கள். மட்டக்களப்பில் இடிந்து கிடப்பவற்றுக்கும் ஒருநாள் இப்படி வருமானம் வரக்கூடும் என்று நினைத்துக்கொண்டேன். நகுலேஸ்வரன் ஒரு யப்பான்காரரைப் பிடித்து எங்களைப் படம் எடுக்கச் சொன்னார். அந்த மனிதர் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்துவிட்டு, கிட்ட நில்லுங்கள் என்று கையால் காட்டினார். நாங்கள் கிட்ட நின்றோம். இன்னும் கிட்ட என்றார். நகுலேஸ்வரன் தூரத்தில் நின்று கண்ணை உருட்டினார். அப்போதுதான் செலீன் அந்தக் கையை என் தோளில் வைத்தார். துணி மினுக்கும் பெட்டி சூடாகிவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பது மாதிரித்தான் வைத்தார் மச்சான், எடுத்ததும் அதே வேகத்தில்தான்.

றைன் நதிக்கரையில் இன்னொரு கோட்டை. அங்கே நாங்கள் சண்டை பிடித்தோம். நன்றாகவே பிடித்திருக்க வேண்டும், ஏனென்றால் வயதான ஒரு ஜேர்மன் தம்பதி வந்து எங்களைச் சமாதானம் செய்து, கையோடு கூட்டிக்கொண்டு போய்க் கேக் வாங்கித் தந்து, கோட்டை முழுவதையும் அறை அறையாகக் காட்டி, எங்கள் ரயிலைத் தவறவிட வைத்தார்கள். பிறகு லக்சம்பேர்க். அங்கே பாறைக்குள் சுரங்கம் வெட்டி வைத்திருக்கிறார்கள். சண்டை வந்தால் மக்கள் ஒளிந்துகொள்ளவாம். செலீன் உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே இருந்துவிட்டார். நான் காரணம் கேட்கவில்லை. கடைசியாக பெல்ஜியத்தில் கெண்ட் என்ற பழைய நகரம், அதன் நடுவில் ஒரு கோட்டை. அதற்குள்ளே அந்தக் காலத்தில் ஆட்களைச் சித்திரவதை செய்த சாமான்களைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் எப்படிப் பாவித்தார்கள் என்று வழிகாட்டி விளக்க, வெள்ளைக்காரப் பெண்கள் வாயைப் பொத்தினார்கள். எங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நகுலேஸ்வரன் மட்டும், பயப்பிடுற மாதிரி முகத்தை வையுங்கோ என்று காதுக்குள் சொன்னார்.

இந்த ரயில் பயணங்களில் ஒன்றில்தான் பொலிஸ்காரன் ஏறினான். பெட்டியில் இருந்த ஒவ்வொருவரிடமும் கடவுச்சீட்டு வாங்கிப் பார்த்துக்கொண்டே வந்தான். எங்களிடம் இருந்தவை பார்க்கக் கொடுக்கும் தரத்தில் இல்லை. நகுலேஸ்வரன் கக்கூசுக்குள் போய்விட்டார். நான் ஊர்ப் படத்தை விரித்தேன், ஆனால் ஒத்திகையில் சொன்ன ஒரு வார்த்தையும் வாயில் வரவில்லை. அப்போது செலீன் தொடங்கினார்.

"எத்தினை தரம் சொன்னனான், மற்றப் பாதையால போவம் எண்டு? நீங்க எப்பவாவது ஆரின்ட சொல்லையாவது கேட்டிருக்கிறீங்களா?"

அது ஒத்திகையில் இல்லாதது. அதற்குப் பிறகு அவர் சொன்னவை எல்லாம் கோப்பை கழுவிக்கொண்டிருந்த கணவருக்குப் போக வேண்டியவை என்பது எனக்கு விளங்கியது. கணவர் போன பாதையையும், தன்னைப் பின்னால் விட்டுவிட்டுப் போன மாதங்களையும், எழுதாத கடிதங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து என் தலையில் போட்டு, அழவும் அழுதார். நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மீனாம்பிகையும் எனக்கு இதையேதான் சொல்லக் காத்திருப்பாள் என்று நினைத்தபோது எனக்கும் கண் கலங்கியது. பொலிஸ்காரன் என்னைப் பார்த்தான். அவனும் கலியாணம் கட்டினவனாக இருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான்.

இதுதான் நான் செய்த ஐரோப்பியச் சுற்றுலா.

மொன்றியலில் இறங்கியதும் செலீன் தன் கணவரிடம் போய்ச் சேர்ந்தார். இப்போது அவர்களுக்கு ஒரு குழந்தை, என்னை மாமா என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கமெரா என்னிடம் தங்கிவிட்டது. நீண்ட நாள் கழித்து, சுருளை இங்கே ஒரு மருந்துக் கடையில் கழுவக் கொடுத்தேன். படத்தை நீட்டிய பெண், உங்கள் மனைவி நல்ல வடிவு என்று பிரெஞ்சில் சொன்னதாக வரிசையில் நின்றவர் மொழிபெயர்த்தார். எனக்கு அப்போது தெரிந்த ஒரே பிரெஞ்சுச் சொல் மெர்சி. அதைச் சொல்லிவிட்டு வந்தேன்.

படத்தை ஏன் அனுப்பினாய் என்று கேட்பீர்கள். மீனாம்பிகை ஒவ்வொரு கடிதத்திலும், எப்படிப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எப்படி வந்தேன் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. கோட்டையைக் கண்டால் சுகமாகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நித்திரை கொள்வாள் என்று எண்ணினேன். அந்த எண்ணத்தில் ஒரு பிழையும் இல்லை. பிழை மரியதாசனால் வந்தது. மரியதாசன் என்னோடு அறையில் இருக்கும் நம் ஊர்ப் பொடியன், டோர்வல் விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்குபவன்.

"முழுசா அனுப்பினா குடும்பம் பிரிஞ்சிரும் அண்ணன்," என்றான். "வெட்டிப்போட்டு அனுப்புங்க."

கோழி வெட்டும் கத்தரிக்கோலை அவனே கழுவித் தந்தான். செலீனை வெட்டி எடுத்துவிடலாம், ஆனால் கையை வெட்டினால் என் தோளும் போய்விடும். தோள் இல்லாத புருசனை அனுப்புவதைவிடக் கையோடு அனுப்பலாம் என்று இருவரும் முடிவெடுத்தோம். முழுப் பெண்ணையும் அனுப்பியிருந்தால் யாரோ கூட வந்தவள் என்று விட்டிருப்பீர்கள். கையை மட்டும் அனுப்பியதால் மிச்சப் பெண்ணை நீங்களே செய்துகொண்டீர்கள், அதுவும் நல்ல வடிவாகச் செய்துகொண்டீர்கள்.

மச்சான், ஒரு படத்தில் ஒரு கை கிடப்பது ஒரு பொருட்டே அல்ல. ஒரு கையைப் பார்த்து ஒரு மனிதரின் குணத்தை அளப்பது படித்தவர்கள் செய்கிற வேலை இல்லை. இதைத் தாங்கள் மீனாம்பிகைக்கு ஆறுதலாக விளங்கப்படுத்த வேண்டும். பொறாமை என்பது அறிவுக் குறைவால் வருவது என்றும், நான் சொன்னதாகவே சொல்லலாம்.

கொழும்பில் விசா நேர்முகத்துக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். அதற்கு முன் அவள் கையெழுத்து வைக்காவிட்டால் எல்லாம் முதலில் இருந்து தொடங்க வேண்டும். நான் ஜன்னல் சட்டம் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அதே தெருவில் ஒரு அறையும் குசினியும் தனியாக எடுத்துவிட்டேன், மாத முடிவில் குடிபோகிறேன். இன்னொரு தலையணையும் வாங்கி, மெழுகுத்தாள் உறையைக் கழற்றாமல் வைத்திருக்கிறேன். எனக்கு அவள் வர வேண்டும் மச்சான். வேறு நயமாக எழுத எனக்குத் தெரியவில்லை.

பெரியவர்கள் எல்லோருக்கும் என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, தங்கள் முழங்கால் வருத்தம் குறைய மாமாங்கேஸ்வரருக்கு ஒரு நேர்த்தி. கோபம் தணிந்து பதில் எழுதுவீர்கள் என்ற நம்பிக்கையோடு,

தங்கள் மைத்துனன்,
சி. தங்கராசா.

பி.கு.: மேலே எழுதியதை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு இறங்கும்போது தபால்காரர் எதிரே வந்து ஒரு உறையைத் தந்தார். ஜேர்மன் முத்திரை. உள்ளே கடிதம் இல்லை, ஒரு படம் மட்டும். அதே ஹைடல்பேர்க் கோட்டை, அதே சிவப்பு மதில். முன்னால் மீனாம்பிகை நிற்கிறாள். யாருடையதோ ஒரு பெரிய கோட்டு, அதன் கீழே சேலைக் கரை. படத்தின் வலது ஓரம் கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருக்கிறது. அவள் தோளில் ஒரு ஆணின் கை.

பின்பக்கம் அவளுடைய எழுத்து: "கோட்டை நல்லாத்தான் இரிக்கு. கையைப் பற்றி நீங்க ஒண்டும் எழுத வேணாம். வந்து கதைக்கிறன்."

கையைப் பற்றியும் பொறாமையைப் பற்றியும் நான் மேலே எழுதிய பந்தியைத் தயவுசெய்து அடித்துவிடவும். நான் வேலைக்குப் போகவில்லை. மரியதாசனிடம் சொன்னால் சிரிப்பான் என்று, கீழே உள்ள டிப்பனர் கடையில் ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வந்து, படிக்கட்டிலேயே இருந்து அந்தக் கையை விரல் விரலாகப் பார்த்தேன். நகுலேஸ்வரனின் கை இல்லை. வயது போன கை. அந்தக் கையோடு எத்தனை கோட்டை பார்த்தாளோ என்று நினைக்க வயிறு எரிந்தது. பிறகுதான் மணிக்கட்டைப் பார்த்தேன். கடிகாரப் பட்டி இருக்கிறது, கடிகாரத்தின் முகம் இல்லை. கொளுவி வெளியே தெரிகிறது. முகம் உள்ளங்கைப் பக்கம், எங்கள் கலியாண வீட்டில் கண்டது போலவே.

மச்சான், 'நிலைமை சொல்லும்படியாக இல்லை' என்று தாங்கள் எழுதியது என்னைப் பற்றி அல்ல, ஊரைப் பற்றி என்று இப்போதுதான் விளங்குகிறது. நான் அனுப்பிய ஸ்பொன்சர் கடதாசியில் ஒரு பெயர்தான் இருந்தது. தங்களை அங்கே தனியே விட்டுவிட்டு அவள் எப்படிக் கையெழுத்து வைப்பாள்? நகுலேஸ்வரன் இன்னும் வழியை மாற்றவில்லை போலிருக்கிறது. ஊர்ப் படத்தை விரித்து வைத்துச் சண்டை பிடிக்க உங்கள் இருவருக்கும் ஒத்திகை தேவைப்பட்டிராது. கெண்ட் கோட்டைக்குள் முகத்தைப் பயந்த மாதிரி வைத்துக்கொள்ளவும். லக்சம்பேர்க் சுரங்கத்துக்குள் அவள் போகமாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம்.

இந்தக் கடிதத்தை மட்டக்களப்புக்கு அனுப்பி இனிப் பயனில்லை, அங்கே திறக்க ஆள் இல்லை. இன்னொரு தலையணை வாங்கப் போகிறேன். கடிதத்தைப் புது வீட்டு மேசையில் மீனாம்பிகையின் பெயர் எழுதி வைக்கிறேன், வந்ததும் நீங்கள் திறந்து வாசிக்கலாம்.