ஒரு திருகாணி கூட வெளிநாடு கூடாது

நம்ம ஆளுக்கு நாட்டுப்பற்று வந்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். பொண்டாட்டி வாஷிங் மெஷின் கேட்ட அடுத்த நொடி.

அதுவரைக்கும் அவருக்கு அப்படி ஒரு வியாதி இருக்குன்னே யாருக்கும் தெரியாது. செருப்புலேருந்து சீப்பு வரைக்கும் கப்பல்ல வந்தாத்தான் தொடுவார். போனஸ் வந்திருந்துச்சு. ஞாயித்துக்கிழமை மேட்ச் பாக்க, செவுரு நீளத்துக்கு ஒரு டிவிக்குச் சொல்லி வச்சிருந்தார். இந்த நேரம் பாத்துத் துணி துவைக்க மெஷினாம்.

"எந்த ஊர்ல செஞ்ச மெஷினு?"

"வெளிநாடுதாங்க. ஓடுற சத்தமே கேக்காதாம்."

"ச்சே. நம்ம ஊர்க்காரன் பட்டறையத் திறந்து வச்சு ஈ ஓட்டிக்கிட்டிருக்கான். நீ எவனோ ஒருத்தனுக்கு அள்ளிக் கொடுக்கப் போறியா? இனிமே இந்த வீட்டுக்குள்ள வெளிநாட்டுச் சாமான் வராது. ஒரு திருகாணி கூட. உள்ளூர்ல செஞ்சதக் காட்டு, மறுபேச்சில்லாம வாங்கித் தரேன்."

உள்ளூர்ல எவன் செய்யப் போறான்ங்கிற தைரியம். மீசைய வேற தடவிக்கிட்டார்.

அந்தம்மா அழல. மூஞ்சியத் தூக்கல. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்"னாங்க. கல்யாணமான நாள்லேருந்து அவர் காதுல விழாத வாக்கியம். அங்கேயே உஷாராகியிருக்கணும். மனுஷன் விசிலடிச்சுக்கிட்டே குளிக்கப் போயிட்டார்.

விடிஞ்சா, வாசல்ல தெருமுனை லேத் பட்டறைக்காரர். கையில அளக்குற டேப்பு.

"சார், நீங்க பேசுனத தங்கச்சி சொல்லுச்சு. கண்ணுல தண்ணி வந்துருச்சு சார். டிரம்மு, ஸ்டாண்டு, மூடி எல்லாம் நானே செஞ்சிருவேன். ஆனா..." தலையச் சொறிஞ்சார். "மோட்டார் மட்டும் வெளிநாட்டுலேருந்துதான் வருது."

நம்ம ஆளுக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. "அடடா. அப்ப நடக்காதுங்க. கொள்கைன்னா கொள்கை."

"ஆமாண்ணே, கொள்கைன்னா கொள்கைதான்"னாங்க அந்தம்மா. "மோட்டாரே வேண்டாம். சுத்துற மாதிரி ஒரு கைப்பிடி வச்சுருங்க."

"ஏம்மா, அதுக்கு இல்ல..."

"மறுபேச்சில்லாமன்னீங்களே."

போனஸ் மொத்தமும் டிரம்முக்குள்ள போச்சு; ராத்திரிக்குள்ள மெஷின் கொல்லைப்புறத்துக்கு வந்துருச்சு. அன்னிக்கே டிவிக் கடையிலேருந்து போன். நம்ம ஆளு கை நீட்டுறதுக்குள்ள அந்தம்மா எடுத்துட்டாங்க.

"டிவி வந்துருச்சுங்களா? எங்க செஞ்சதுங்க? ... அச்சச்சோ, வெளிநாடா? இவர் கிட்டயே போக மாட்டாருங்க. திருப்பி அனுப்பிருங்க."

ஞாயித்துக்கிழமை. அடுத்த வீட்டு டிவில மேட்ச் அலறுது. யாரோ சிக்ஸர் அடிக்கிறான், செவுரே அதிருது. யாரு அடிச்சான்னு எட்டிப் பாக்க முடியாம நம்ம ஆளு கொல்லைப்புறத்துல பெட்ஷீட்டச் சுத்திக்கிட்டிருக்கார். அந்தம்மாவுக்குத் தோள்பட்டை வலியாம். அது சனிக்கிழமை ராத்திரிதான் ஆரம்பிச்சுச்சாம்.

"இடப்பக்கம் நாலு சுத்து, வலப்பக்கம் நாலு சுத்துங்க. நடுவுல நிறுத்தாதீங்க, அழுக்கு போகாது."

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் பட்டறைக்காரர் குரல். "தங்கச்சி, டிரம்மு நிக்காம ஓடுற மாதிரி இருக்கே. எனக்குத் தெரியாம மோட்டார் மாட்டிட்டீங்களா? எந்த ஊரு மோட்டாரு?"

"அசல் உள்ளூருதாண்ணே. என் மாமியார் செஞ்சது. சத்தம் மட்டும் கொஞ்சம் போடும்."