கஞ்சி அக்கா கேட்காத பாட்டு

துணி காயப்போடும் கொடியில் தன் தலைமுடியைக் காயப்போட்ட பெண் இந்த உலகத்திலேயே ஒருத்திதான். அவளோடு ஒரே அறையில் குடியிருந்தவள் நான். வேலைக்கு விண்ணப்பித்தபோது இதையும் தகுதிகளில் ஒன்றாகச் சேர்த்திருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். செங்கல்பட்டுக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரி, அதன் பெண்கள் விடுதி. அறைகள் போதாததால் முதலாண்டு மாணவியான என்னை ஒரு சீனியரோடு சேர்த்துப் போட்டார்கள். அவளுக்கு உண்மையான பெயர் ஒன்று உண்டு. தேர்வு முடிவுகள் வரும் நாளில் மட்டும் அது தேவைப்படும். மற்ற நாட்களில் எல்லோருக்கும் அவள் கஞ்சி அக்கா.

ஒவ்வொரு ஞாயிறும் காலையில் ஒரு சொம்போடு மெஸ்ஸுக்குப் போய் ஜவ்வரிசிக் கஞ்சி கேட்பாள். மெஸ் அக்கா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே விசாரிப்பார்.

“இன்னாமா, இன்னைக்கும் பொடவைக்கா?”

“இல்லக்கா, தலைக்கு.”

“மாரியாத்தா வந்து ஆட்றவளுக்குக்கூட முடி இப்டி நிக்காதும்மா. எறும்பு மொய்க்கப் போவுது, பாத்துக்கோ.”

எறும்பு மொய்க்கத்தான் செய்தது. அக்கா தன் கட்டிலைச் சுற்றி எறும்பு சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள். அதைத் தாண்ட முடியாத எறும்புகள் என் கட்டிலுக்கு வந்தன.

கஞ்சியோடு நேராக மொட்டைமாடி. முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, கஞ்சி தடவி, ஒவ்வொரு பகுதியையும் மேலே தூக்கிக் கொடியில் கிளிப் போட்டு மாட்டுவாள். அப்புறம் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, சிக்னல் ப்ராசஸிங் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு, காயும்வரை ஏதோ ஒரு மெட்டை முணுமுணுப்பாள். கீழிருந்து பார்த்தால் யாரோ போர்வைகளோடு சேர்த்து ஒரு பெண்ணையும் துவைத்துக் காயப்போட்டது போல இருக்கும்.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு பழைய பத்திரிகை. அக்கா தன் முதலாண்டில் வகுப்போடு மாமல்லபுரம் போனபோது, வெளிநாட்டுப் பயணிகள் விட்டுப்போன புத்தகங்களை விற்கும் கடையில் அதை வாங்கினாளாம். முழுக்க ஜப்பானிய மொழி. அட்டையில் ஆங்கில எழுத்தில் இருந்த ‘விஷுவல் கெய்’ என்ற இரண்டு சொற்களை மட்டும் அவளால் படிக்க முடிந்தது. உள்ளே ராக் இசைக்குழுக்களின் படங்கள். எல்லோரும் ஆண்கள், எல்லோர் உதட்டிலும் சாயம், கண்ணைச் சுற்றிக் கரி, தோளில் லேஸ், மின்கம்பியைத் தொட்டவர்கள்போல முடி. எதிர்ப்பக்கங்களில் டோக்கியோவின் ஒரு பாலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து நிற்கும் ரசிகர்கள். தாங்களே தைத்துக்கொண்ட உடைகளில், அந்தக் குழுக்களைப் போலவே.

“இந்தப் பக்கம் பாருடி” என்று எனக்குப் பாடம் எடுத்தாள். “மேடையில இருக்கறவன் லேஸ் போட்டிருக்கான். அதைப் பாத்து ரோட்ல நிக்கற பொண்ணு தைச்சுப் போட்டுக்கறா. ஆனா கூடவே ஒரு சங்கிலி சேக்கறா. இப்ப பக்கத்தைத் திருப்பு. வேற ஒரு பாட்டுக்காரன் கழுத்துல அதே சங்கிலி! யாரு யாரைப் பாத்துப் போட்டாங்கன்னு சொல்லு பாக்கலாம்?”

“ஃபீட்பேக் லூப், போனதே திரும்பி வர்றது” என்றேன்.

“நீ தேறிடுவ” என்றாள்.

அவள் உடையில் இருந்தவற்றை நினைவிலிருந்து சொல்கிறேன். உள்பாவாடை லேஸ் வைத்துத் தைத்த கறுப்புச் சட்டை. பூட்ஸ், இதற்காகவே என்.சி.சி.யில் சேர்ந்திருந்தாள். கழுத்தில் ஒரு நாய்ப்பட்டை. அதை வாங்கும்போது நானும் கடைத்தெருவில் உடன் இருந்தேன்.

“இன்னா நாய்மா? சைசு சொல்லு” என்றார் கடைக்காரர்.

அக்கா தன் கழுத்தைச் சாணால் அளந்து காட்டினாள். அவர் அவளைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார்.

“கடிக்குமா?”

“பழகிட்டா கடிக்காதுண்ணா.”

பிறகு ஊக்குகள். ‘துப்பட்டாவை இரு தோளிலும் ஊக்கு போட்டுக் குத்த வேண்டும்’ என்பது விடுதி விதி. அக்கா குத்தினாள். ஊக்கில் ஊக்கு, அதில் இன்னோர் ஊக்கு என்று இடுப்புவரை சரம் சரமாகத் தொங்கியது. வார்டன் மேடம் வாசலிலேயே மறித்தார்.

“என்னம்மா இது கோலம்?”

“விதிப்படி ஊக்கு போட்டிருக்கேன் மேடம்.”

“இத்தனையா?”

“எத்தனைன்னு விதியில இல்லையே மேடம்.”

மேடம் அறிவிப்புப் பலகை வரை போய்ப் படித்துவிட்டு வந்தார். உண்மைதான், இல்லை. “ஆறு மணிக்குள்ள வந்து சேரு” என்று வழிவிட்டார்.

இதில் ஒரே ஒரு குறை. கஞ்சி அக்கா அந்த இசையைக் கேட்டதே இல்லை. ஒரு பாட்டு, ஒரு வரி, ஒரு சத்தம்கூட. கேசட் கடைகளில் கிடைக்கவில்லை. பிரவுசிங் சென்டரில் ஒரு பாட்டு இறங்கத் தொடங்கி, பாதியில் மின்சாரம் போனது. ஆகவே படங்களைப் பார்த்து, இப்படி உடுத்துகிறவர்கள் எப்படிப் பாடுவார்கள் என்று அவளே ஊகித்து வைத்திருந்தாள். மாடியில் முணுமுணுத்த மெட்டு அதுதான். லேசான மெட்டு அல்ல. தண்ணீர் லாரி பின்னோக்கி வருவது போல இருக்கும்.

அவள் கடைசி செமஸ்டரில் ஒருநாள், மாமல்லபுரம் புத்தகக் கடைக்காரர் எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டுக் கையை ஆட்டினார். ஜப்பான் சம்பந்தமாக எது வந்தாலும் எடுத்து வைக்கும்படி அக்கா சொல்லி வைத்திருந்தாள். அதுவரை அவர் எடுத்து வைத்தவை: ரயில் நேர அட்டவணை, சமையல் புத்தகம், ஏதோ ஒரு மின்சாதனத்தின் கையேடு. எல்லாவற்றையும் அக்கா வாங்கியிருந்தாள்.

“பாப்பா, ஒரு பொஸ்தகத்துக்கு உள்ளாற இது இருந்துச்சு. இன்னான்னு தெர்ல. ஆனா ஜப்பான் எழுத்து போட்டுக்கீது.”

உள்ளங்கையில் அடங்கும் ஒரு சதுர டப்பா. உள்ளே ஒரு குட்டி வட்டு. மேலே பேனாவால் எழுதியிருந்த எழுத்துகளை அக்கா பத்திரிகைப் பக்கத்தோடு வைத்துக் கோடு கோடாக ஒப்பிட்டாள். அவளுக்கு மிகவும் பிடித்த குழுவின் பெயர்!

அது மினி டிஸ்க். ஜப்பானில் வீட்டுக்கு வீடு இருந்திருக்கலாம். செங்கல்பட்டில் அதைப் போட்டுக் கேட்க ஒரு கருவியும் இல்லை. பார்ப்பதற்குச் சின்ன ஃபிளாப்பி போல இருந்ததால், பொறியியல் படிக்கும் இரண்டு பெண்கள் என்ன செய்வார்களோ அதையே செய்தோம். கல்லூரிக் கம்ப்யூட்டர் லேபில் ஃபிளாப்பி டிரைவுக்குள் அழுத்தினோம். “தடிமன் ஒத்துவராதுக்கா” என்றேன். “எல்லாம் ஒத்துவரும்” என்றாள். ஒரு மூலை மட்டும் உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. லேப் உதவியாளர் இடுக்கியோடு வந்து, பல் டாக்டர் போல ஒரு காலை மேசையில் ஊன்றி இழுத்தார்.

“என்னம்மா இது, பிஸ்கட்டா?”

“பாட்டு சார்.”

“பாட்டைக் கேட்டிருக்கேன். இப்பதான் புடுங்கறேன்.”

அந்த ஞாயிறு மாடியில் முதல் முறையாக அக்கா முணுமுணுக்கவில்லை.

“எனக்கு ஒரு பயம்டி” என்றாள், முடி கொடியில் இருந்ததால் தலையைத் திருப்பாமல். “என்னைக்காவது இதைக் கேட்டு, பாட்டு கண்றாவியா இருந்துச்சுன்னா? இவ்ளோ நாள் முடியைக் காயப்போட்டதெல்லாம் எதுக்குன்னு எங்கிட்டயே நான் என்ன சொல்றது?”

காற்றில் கழன்ற ஒரு கிளிப்பைத் திரும்ப மாட்டிவிட்டேன்.

ஆனாலும் அவள் விடவில்லை. திட்டம் எளிது: மாமல்லபுரத்துக்கு ஜப்பானியர்கள் வருகிறார்கள், அவர்களில் ஒருவரிடமாவது கருவி இருக்கும், அவர் நம்மைத் தேடி வரவேண்டுமென்றால் நாம் கண்ணில் பட வேண்டும். எனவே ஞாயிறுதோறும் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பேருந்தில் முழு உடையோடு போய், கடற்கரைக் கோயிலுக்குப் போகும் பாதையில், அந்தப் பாலத்தில் நிற்பவர்கள்போல நின்றாள். பக்கத்தில் நான், சுடிதாரில், அவளுடைய உதவி இயக்குநர் போல. கடல் காற்றில் கஞ்சி இளகி முடி இடதுபக்கம் சாயத் தொடங்கும்போது சொல்வது என் வேலை.

ஜப்பானியர் வரவில்லை. மற்ற எல்லோரும் வந்தார்கள். “எந்தப் படம்மா? ஹீரோ யாரு?” என்று ஒரு குடும்பம் கேட்டது. ஒரு குழந்தை அலறியது. பலூன் சுடும் கடைக்காரர், “அண்ணாண்ட போய் நில்லும்மா, அல்லாரும் உன்னியே பாக்கறாங்கோ, எவனும் சுட மாட்றான்” என்றார். பாசிமணி விற்கும் அம்மா ஒருவர் மட்டும் நெருங்கி வந்து ஊக்குச் சரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

“இத்த எப்டி கண்ணு கோத்த?”

அக்கா தன் சரத்தைக் கழற்றி ஒவ்வோர் ஊக்காகக் காட்டினாள். அடுத்த வாரம் அந்த அம்மாவின் கழியில், ஊக்கும் பாசியும் கலந்த மாலைகள் தொங்கின. வெள்ளைக்காரர்கள் அவற்றைப் பல்லவர் காலத்து நகை என்று நினைத்து வாங்கிப் போனார்கள்.

“லூப் வேலை செய்யுதுடி” என்றாள் அக்கா.

அப்படி ஒரு ஞாயிறு. மொட்டைத்தலை, நெற்றி நிறைய விபூதி, மடித்துக் கட்டிய வேட்டி, கையில் உளிப்பை. சிற்பம் கற்றுக்கொள்ள ஜப்பானிலிருந்து வந்து சில மாதங்களாக ஊரில் தங்கியிருந்த ஒருவர் அந்தப் பாதையில் நடந்து வந்தார். கழுத்தில் பாசிமணி அம்மாவின் ஊக்கு மாலை. அக்காவைப் பார்த்ததும் நின்றார். அக்காவும் அவரைப் பார்த்தாள். செங்கல்பட்டுப் பெண் டோக்கியோ உடையில். டோக்கியோ மனிதர் செங்கல்பட்டு உடையில். எதிரே ஒரு நிலைக்கண்ணாடி இருந்து, அது குழம்பிப்போனது போல இருவரும் நின்றார்கள்.

அக்கா பையிலிருந்து பத்திரிகையை எடுத்துப் பாலத்துப் படத்தைக் காட்டினாள்.

அவர் படத்தைத் தொட்டார். தன் நெஞ்சைத் தொட்டார். “பிஃபோர்… ஐ… சேம்” என்றார். தன் மொட்டைத்தலைக்கு ஒரு முழம் உயரத்தில் கையை வைத்து, முடி எதுவரை நின்றது என்று காட்டினார்.

அடுத்து அக்கா டிஸ்க்கை நீட்டினாள். அவர் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் பாதையில் போனவர்கள் திரும்பினார்கள். அது அவருடையதேதான்! பழைய புத்தகங்களைக் கடையில் போட்டபோது உள்ளே போய்விட்டதாம். உளிப்பையிலிருந்து கருவியை எடுத்தார். காதில் வைப்பவை இரண்டு. ஒன்று அக்காவுக்கு, ஒன்று எனக்கு. பொத்தானை அழுத்தினார்.

அக்கா கண்ணை மூடினாள். இத்தனை நாள் காத்திருந்த சத்தம் வந்தது.

“திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு… ஏறு, ஏறு… உள்ள போ, வண்டி காலியாத்தான கீது…”

பிறகு விசில். பிறகு கடல். பிறகு உளிச் சத்தம். அவர் இந்த ஊர்ச் சத்தங்களையெல்லாம் பழைய பாட்டுகளின்மேல் பதிந்து வைத்திருந்தார். அக்கா கண்ணைத் திறக்கவே இல்லை. ஜப்பானிய இசை இப்படித்தான் தொடங்கும் என்று நம்பினாளோ என்னவோ. என் முகம் போன போக்கைப் பார்த்து அவர் பதறிப்போய் பொத்தானைத் தட்டித் தட்டிக் கடைசிக்குக் கொண்டுபோனார். அழியாமல் மிஞ்சியது ஒரே ஒரு பாட்டு.

பியானோ. அப்புறம் வயலின்கள். அப்புறம் ஓர் ஆண் குரல், பெரிய வீட்டில் தனியாக இருப்பவன் பாடுவது போல, மிக மெதுவாக. லாரி எங்கேயும் பின்னோக்கி வரவில்லை.

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். மூடிய கண்ணிலிருந்து கண்மை இரண்டு கோடுகளாகக் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. பத்திரிகையின் நடுப்பக்கப் படத்தில் இருக்கும் அதே கோடுகள். விளக்கெண்ணெய், மெழுகு, கரித்தூள் என்று எத்தனையோ வைத்து முயன்றும் அவளுக்கு அதுவரை வராத கோடுகள்.

பாட்டு முடிந்ததும் அவர் டிஸ்க்கை எடுத்து அவள் கையிலேயே திரும்ப வைத்தார். அவள் தன் ஊக்குச் சரத்தைக் கழற்றி அவர் கழுத்தில், முதல் மாலைக்கு மேல் போட்டாள்.

திரும்பும் பேருந்தில் அவள் டப்பாவை மடியில் வைத்துக் குனிந்திருந்தாள். நடத்துனர் படிக்கட்டில் நின்று, “செங்கல்பட்டு, ஏறு, ஏறு, உள்ள போ” என்று கத்தியபோதுதான் நிமிர்ந்தாள். அதே குரல்.

“அண்ணா, உங்க குரல் ஜப்பான் டிஸ்க்குல இருக்கு.”

“இன்னாமா சொல்ற? ஜப்பான்லயா?” அவர் அவளது கன்னக் கோடுகளையும் சாய்ந்த முடியையும் பார்த்தார். “விசில் கேட்டுச்சா?”

“சுத்தமா கேட்டுச்சுண்ணா.”

“அப்ப சரி. டிக்கெட் எடு.”

திருக்கழுக்குன்றம் தாண்டியபிறகு எனக்குப் பொறுக்கவில்லை. “எப்படிக்கா இருந்துச்சு?”

சாய்ந்திருந்த முடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இனிமே கஞ்சியைக் கொஞ்சம் இளக்கமாக் காய்ச்சச் சொல்லணும்டி.”

அடுத்த ஞாயிறு அவள் முடி நிமிர்ந்து நிற்கவில்லை. ஒரு கண்ணை மறைத்து மெதுவாக விழுந்திருந்தது.

இப்போது அவள் ஒரு பெரிய அலுவலகத்தில் இருக்கிறாள். அடையாள அட்டைப் படத்தில் எண்ணெய் வைத்து வாரிய தலை. அட்டை தொங்கும் நாடாவில் மட்டும் வரிசையாக ஊக்குகள். அந்தப் பாட்டை நானும் இணையத்தில் தேடிக் கண்டுபிடித்து, நல்ல ஹெட்போனில் கேட்டுவிட்டேன். பியானோ தெளிவாக இருக்கிறது, வயலின் தெளிவாக இருக்கிறது, குரலில் ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்தில் கஞ்சி வாசனை இல்லாததால், எனக்குத்தான் அது பாதிப் பாட்டாகக் கேட்கிறது.