கடல் காணப்படவில்லை

விளாங்குடி,
செவ்வாய்க்கிழமை மாலை.

அன்பும் அதைவிடப் பிடிவாதமும் நிறைந்த அக்கா மதுவந்திக்குத் தம்பி குருபிரசாத் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம்; தெருவுக்குத்தான் சுகமில்லை. தூத்துக்குடியில் நீயும் அத்தானும் வயிற்றில் இருக்கும் என் மருமகப்பிள்ளையும் நலமாக இருக்க மீனாட்சி துணை. போனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், அதனால் கடிதம்.

சொல்ல வந்தது இதுதான்: வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு இங்கே வராதே. வழக்கத்தை மீறினால் ஊர் பேசும் என்று அம்மா அழுகிறாள். பேசட்டும். நம் தெருமுனையில் சாக்கடைக் குழியின் மூடி உடைந்து, உள்ளே அடைத்துக்கொண்டு, நாற்பது நாளாகத் தண்ணீர் முழங்கால் அளவு நிற்கிறது. ஆட்டோக்காரர் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுவிடுகிறார். எட்டு மாத வயிற்றோடு நீ இதில் எங்கே கால் வைப்பாய்?

நேற்று மத்தியானம் ஜன்னலோரம் கண்ணசந்தேன். கனவில் நீ தோணியில் வருகிறாய். முழங்கைவரை வளையல். அத்தான் துடுப்புப் போடுகிறார், தப்புத் தப்பாக. உன் வளையல் சத்தத்துக்குத் தண்ணீர் விலகி விலகி வழிவிடுகிறது; மொட்டைமாடியில் அப்பா டார்ச் லைட்டோடு கலங்கரை விளக்கமாக நிற்கிறார்; தெருவில் ஒருவருக்கும் ஆச்சரியமே இல்லை, பால்காரர்கூட நீந்திக்கொண்டே உனக்குக் கும்பிடு போடுகிறார். விழித்தேன். அதே தண்ணீர், அதே நாற்றம். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு அந்தத் தண்ணீரில் வானம் முழுசாக இறங்கிவிடுகிறது. மேகம் நம் வாசற்படியைத் தொட்டுவிட்டுப் போகிறது. சாக்கடைக்கு எதற்கு இவ்வளவு அழகு என்று எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

நான் சும்மா இருக்கவில்லை. மூன்று திங்கட்கிழமை மாநகராட்சி அலுவலகத்துக்குப் போய் மூன்று மனு கொடுத்தேன். மூடி உடைந்தது, இன்ன தெரு, இத்தனை நாள் என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். மூன்றுக்கும் ஒரே பதில்: "போர்க்கால அடிப்படையில் நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது." நாலாவது மனுவை அப்பா பிடுங்கிக்கொண்டார். முப்பது வருஷம் பள்ளிக்கூட எழுத்தராக இருந்தவருக்கு என் எழுத்து பிடிக்கவில்லை.

"என்னடா இது, பலசரக்குச் சீட்டு மாதிரி! மனுன்னா படிக்கிறவன் நெஞ்சு உருகணும்டா."

உருக்கினார். "எங்கள் தெரு கடலாகிவிட்டது. எங்கள் வீடுகள் தீவுகளாகிவிட்டன. எங்கள் பிள்ளைகள் தோணி ஏறிப் பள்ளி செல்லும் நாள் வந்துவிட்டது." பள்ளிக்கூடம் படிக்கையில் நீ என் தொடையைக் கிள்ளிக் கிள்ளிச் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது: போல என்று வந்தால் உவமை, போல போய்விட்டால் உருவகம். கடலாகிவிட்டது, தீவுகளாகிவிட்டன, இரண்டும் உருவகம். தோணி உயர்வு நவிற்சி. பரீட்சையில் அம்புட்டுக்கும் உவமை அணி என்று எழுதி முட்டை வாங்கியவன், வயசு இருபத்தாறில் சரியாகக் கண்டுபிடித்தேன். அலுவலகத்தால் முடியவில்லை.

அதிசயமாக நாலாவது மனுவுக்கு ஆள் வந்தார். கள ஆய்வாளர் உக்கிரபாண்டி. பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, கோப்பைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, நடுத்தெருவில் நின்று கேட்டார்.

"தம்பி, கடல் எங்கிட்டு இருக்கு?"

"அதுலதாண்ணே நிக்கிறீங்க."

"இது சாக்கடைத் தண்ணியில்ல?"

"கடல்ங்கிறது உருவகம்ணே."

"அதுக்கு ஃபாரத்துல எடமில்லையே தம்பி. மனுவுல என்ன எழுதியிருக்கோ அது இருக்கா இல்லையான்னு பாக்கிறதுதான் எனக்கு வேலை. தீவு எத்தனை, தோணி எத்தனைன்னு எண்ணணும்."

"சாக்கடைன்னு எழுதி மூணு மனு அங்கதான் கெடக்கு."

"அது வேற செக்சன். அதை நான் பாக்கிறதில்ல" என்றார், சாக்கடையில் நின்றுகொண்டே. நல்ல மனுஷன்தான். அம்மா மோர் கொடுத்தாள், குடித்துவிட்டுப் போனார். நாலாம் நாள் பதில் வந்தது: "மனுவில் குறிப்பிடப்பட்ட கடல், தீவு, தோணி ஆகியவை கள ஆய்வில் காணப்படவில்லை. எனவே மனு முடித்து வைக்கப்படுகிறது."

யோசித்துப் பார் அக்கா. அவர்கள் போர் என்று எழுதினால் அது பதில். நாம் கடல் என்று எழுதினால் அளந்து பார்க்க ஆள் வருகிறார். அணி எழுதுவதற்குக்கூட இந்த நாட்டில் நாற்காலி வேண்டியிருக்கிறது.

அப்பா நொந்துபோய் நேற்றுக் காலை பேயாண்டி அண்ணனைப் பிடித்தார். துப்புரவு ஒப்பந்தத் தொழிலாளி, நம் பக்கத்துக்கு அவர்தான் வருவார்.

"பேயாண்டி, மக தலைப்பிரசவத்துக்கு வாரா. ஒருக்கா உள்ள எறங்கி அடைப்பை எடுத்துவிடேன்."

"எனக்கும் வீட்ல மக இருக்குய்யா. மிசின் வரட்டும், எடுப்போம். நீங்க மேல நின்னு பாத்துக் கடலுன்னு எழுதிப்புட்டீக. எறங்குறவனுக்கு அது குழி."

குழிக்குள் ஆளை இறக்குவது குற்றம் என்று தெரிந்த வீடு நம் வீடு; நமக்கு அவசரம் வந்ததும் மறந்துபோனது. உன் வருகைக்காக இன்னொருவர் அதில் இறங்க வேண்டாம். அதனால்தான் வராதே என்கிறேன்.

ஆத்திரம் தாங்காமல் நேற்றே போய் ஐந்தாவது மனு கொடுத்தேன். "தங்கள் பதிலில் குறிப்பிடப்பட்ட போர், எங்கள் தெருவில் நாற்பது நாள் நேரில் ஆய்வு செய்யப்பட்டது. படை, குதிரை, முரசு எதுவும் காணப்படவில்லை. எனவே தங்கள் பதில் முடித்து வைக்கப்படுகிறது." அலுவலகத்தில் உக்கிரபாண்டிதான் வாங்கி இரண்டு தடவை படித்தார். சிரிக்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான், என் பெயர் கெட்டது.

ஆகவே அங்கேயே ஆஸ்பத்திரி பார்த்துக்கொள். உனக்காவது அசல் கடல் இருக்கிறது. அத்தானுக்கு என் வணக்கம். மருமகப்பிள்ளைக்கு ஜன்னல் வழியாக நான் அனுப்பும் ஒரு மேகம். சுகமாகப் பெற்றெடு.

உன் தம்பி,
குருபிரசாத்

பின்குறிப்பு: வியாழன் காலை. தபாலில் போடுவதற்குள் தெருமுனையில் ஒரே இரைச்சல். மிசின் வந்திருந்தது. பேயாண்டி அண்ணன் ரோட்டில் நின்று குழாயைப் பிடித்திருந்தார், கால் நனையாமல். உக்கிரபாண்டி கோப்பில் புதிதாக எழுதியிருந்ததைக் காட்டினார்: "கடலைத் தேடும்போது முழங்கால் அளவு சாக்கடை நீர் கண்டறியப்பட்டது. அவசரம்."

"போரைப் பத்திக் கேட்டிருந்தீல்ல தம்பி, அதுக்கு என்ன பதில் எழுதுறதுன்னு தெரியல. மிசினை அனுப்பிட்டேன்."

உள்ளதை உள்ளபடி சொல்வதும் ஓர் அணிதான், தன்மை நவிற்சி என்று நீ அன்றைக்குச் சொன்னபோது நான் நம்பவில்லை. இப்போது தெரு தெருவைப் போல இருக்கிறது. இனி வாசற்படிக்கு மேகம் வராது, அது ஒன்றுதான் குறை. மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு வா. நான் மெயின் ரோட்டில் நிற்கிறேன். ஆட்டோ உள்ளே வரும் என்றாலும் நிற்கிறேன்.