மூன்று பேரிடம் காட்டிய கழுத்து

எங்காவது வலிக்கிறது என்று நம் ஆட்களிடம் வாயைத் திறந்து சொல்வது ஆபத்து. மருந்து சொன்னால்கூட தப்பித்துவிடலாம். அவர்கள் ஆளைச் சொல்வார்கள். "நான் சொல்ற ஆள்கிட்ட போ, ஒரே தடவைதான்." போகாவிட்டால், சொன்னவரை மதிக்கவில்லை என்று அர்த்தமாகிவிடும்.

எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது ஒரு வெள்ளிக்கிழமை காலை, கிள்ளானில் எங்கள் வீட்டில், பல் துலக்கும்போது. (பல் துலக்கி அடிபட்ட முதல் தமிழச்சி நானாகத்தான் இருப்பேன்.) ஞாயிற்றுக்கிழமை செமினியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். பையன் குமரனோடு போனில் பேசிப் பேசி, எனக்கு அவரை ரொம்பவே பிடித்துப் போயிருந்தது. சிக்கல் அவர் அம்மாதான். பொண்ணு பேங்கில் வேலை செய்கிறாள், வாய் நீளம், திமிர் பிடித்தவள் என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். (யாரென்று தெரியும். அந்த அம்மாள் நன்றாக இருக்கட்டும்.) அவருக்கு என்னைப் பிடிக்காவிட்டால் கல்யாணம் இல்லை.

அம்மாவின் ஆள், பக்கத்துக் கம்பத்துக் கிராமத்தில் உடம்பு உருவிவிடும் மலாய்க்கார அம்மாள், எல்லோருக்கும் மக்சிக். அப்பாவின் ஆள், பந்திங்கில் எலும்பு பிடிக்கும் சீன வைத்தியர். அப்பா மோட்டார் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தபோது தோளைத் திரும்ப மாட்டிவிட்டவர். ஆபீஸ் தோழி மாலதி சொன்னது, பிரிக்ஃபீல்ட்ஸில் பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் கடை. மூளை இருப்பவள் ஒருவரைத் தேர்ந்தெடுத்திருப்பாள். நான் யார் மனமும் நோகக்கூடாது என்று சனிக்கிழமை ஒரே நாளில் மூவரிடமும் கழுத்தை நீட்டினேன்.

மூவரும் கை வைப்பதற்கு முன்னால் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். வேறு யாரிடமாவது காட்டினாயா? காட்டினேன் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? இல்லவே இல்லை என்றேன், மூன்று மொழிகளில். மக்சிக் இஞ்சி எண்ணெய் போட்டு ஒரு பக்கமாக உருவினார். சீன வைத்தியர் மறுபக்கமாகத் திருப்பி, 'டக்' என்று சத்தம் வந்ததும் சந்தோஷப்பட்டு, கறுப்பாக ஒரு பத்துப் போட்டார். அதை ரயில் நிலையக் கழிவறையில் பிய்த்துப் போட்டுவிட்டு பிரிக்ஃபீல்ட்ஸ் போய்ச் சேர்ந்தேன்.

"ஏதோ மருந்து வாசம் வருதே தங்கச்சி?" என்றார் மசாஜ் கடை அண்ணன்.

"ரயில்ல பக்கத்துல உக்காந்திருந்தவருக்கு உடம்பு சரியில்லண்ணே."

"பாவம்லா" என்று சொல்லிவிட்டு, புதுக் கழுத்து என்ற நம்பிக்கையில் முழங்கையை வைத்து முழு பலத்தோடு அழுத்தினார்.

ஞாயிறு காலை கழுத்து இரண்டு பக்கமும் அருமையாகத் திரும்பியது. குனியத்தான் மறுத்துவிட்டது. தாடை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. எப்படி நின்றாலும் எதிரில் இருப்பவரை ஏளனமாகப் பார்ப்பது போலவே இருந்தது.

அந்த லட்சணத்தோடு தேத்தண்ணித் தட்டை ஏந்தி, மின்விசிறியைப் பார்த்தபடி ஹாலுக்குள் நடந்தேன். குமரனின் அம்மா தன் கணவரிடம் மெதுவாக (மெதுவாக என்று அவர் நினைத்துக்கொண்டு) சொன்னார்: "சொன்னது சரிதான் போல. நம்மள எல்லாம் கண்ணுக்கே தெரியல."

போச்சு, எல்லாம் போச்சு.

"கால்ல விழுடி!" என்று அம்மா என் முதுகில் இடித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு மண்டியிட்டு குமரனின் அம்மா காலில் விழுந்தேன். கழுத்தில் மறுபடியும் அந்த 'டக்'. நெற்றி போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டது.

"நல்லா இரும்மா. எந்திரி."

எழவில்லை.

"போதும்மா, எந்திரி."

அசையவில்லை. அசைந்தால் உயிர் போய்விடும் போலிருந்தது. வலியில் கண்ணீர் வேறு ஓடி அவர் பாதத்தில் சொட்டியது. பிறகு அவர் குரல் தழுதழுத்தது.

"ஐயோ, என்ன பொண்ணு இது! இந்தக் காலத்துல யாரு இப்படி விழுறா? எங்கிட்ட என்னென்னமோ சொன்னாளுங்களே, பாவிங்க!"

குமரன் பக்கத்தில் வந்து குனிந்தார். "என்னாச்சு?"

"தூக்குங்க" என்றேன். நேரில் அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது.

அவர் என் தோளைப் பிடித்துத் தூக்கினார். நிச்சயம்கூட ஆகாத பெண்ணை மகன் எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்த அவர் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி சரி, தேதி பாத்துருவோம்" என்றார்.

அத்தைக்கு இன்றுவரை உண்மை தெரியாது. தீபாவளிக்குக் காலில் விழுந்த கொழுந்தன் மனைவி சட்டென்று எழுந்துவிட்டால், "அக்காவப் பாத்துக் கத்துக்க" என்பார். அதனால் நான் விழுந்தால் விழுந்தபடியே கிடக்க வேண்டும். பின்னால் பிள்ளைகள் அங்பா காசுக்காகப் பொறுமையில்லாமல் நிற்பார்கள். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு வருடமும் குனிந்து, என் காதில் மட்டும் விழும்படி, "தூக்கணுமா?" என்று கேட்பார். இப்போது மகளும் கேட்கிறாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் முதுகு குலுங்கும்.

அதைப் பார்த்து அத்தை, மருமகள் இந்த வருடமும் அழுகிறாள் என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்.